டர்போ குழாயை மாற்றிப் போட்டது நான்தான், அஞ்சலை

என் பிரியமுள்ள தங்கை அஞ்சலைக்கு,

வருகிற வாரத்தோடு நீ போய் ஒரு வருடம். நினைவு நாளுக்கு போஸ்டர் அடிக்கலாமா என்று உன் மகள் சங்கீதா கேட்டாள். வேண்டாம் என்றேன். உன் போட்டோவுக்குக் கீழே கண்ணீர்த் துளி படம் போட்டு பஸ் ஸ்டாண்டு சுவரில் ஒட்டுவார்கள். நாலாம் நாள் அதன்மேல் ஒரு காதுகுத்து போஸ்டர் ஏறும். எனக்கு இப்போது அழுகை வரவில்லை, கோபம் வருகிறது. அதனால் கடிதமாக எழுதுகிறேன். எழுதி முடித்ததும் பெரிய எழுத்தில் நகல் எடுத்து, நீ பதினேழு வருடம் வண்டியோடு நின்ற டாக்ஸி ஸ்டாண்டில் தொங்கவிடப் போகிறேன்.

உனக்கா கோபம் என்று நீ கேட்பாய். ரேஷன் கடையில் முன்னால் நாலு பேர் நுழைந்தாலும் ஒதுங்கி நிற்கிறவன் நான். "எங்கண்ணன் கோவப்படணும்னா மொதல்ல நோட்டுல எழுதிப் பாத்துக்கும். அப்புறம் நாளைக்கிப் பட்டுக்கலாம்னு வச்சிரும்" என்று ஸ்டாண்டில் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாய். நானும் கூடச் சிரித்தேன். இப்போதும் நோட்டில் எழுதித்தான் பார்த்திருக்கிறேன், அஞ்சலை. ஆனால் நாளைக்கு என்று வைக்கவில்லை.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் கை பட்டதால்தான் கார் கெட்டது என்று இந்த ஊரில் இரண்டு மாதமாக ஒரு பேச்சு நடந்தது. அது பொய். காரைக் கெடுத்தது நான். கெடுத்துவிட்டு, அவர்கள் உன் பெயரைச் சொன்னபோது வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் நின்றேன்.

உன்னைத் தெரியாதவர்களும் இதைப் படிப்பார்கள். அவர்களுக்காகக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மாப்பிள்ளை தவறியபோது உனக்கு நாற்பத்து நாலு வயது. அவர் ஓட்டிய வாடகைக் காரை விற்றுவிட்டுத் தையல் மிஷின் வாங்கிக்கொள் என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். நீ போய் லைசென்ஸ் எடுத்தாய். செஞ்சிக் கோட்டை பார்க்க வருகிறவர்களை ராஜகிரி அடிவாரத்தில் இறக்கிவிட்டு, அவர்கள் மூச்சு வாங்கக் கீழே வரும்வரை காத்திருந்து, சிங்கவரத்துக்கும் தளவானூருக்கும் சீயமங்கலத்துக்கும் கூட்டிப் போனாய். பிறகு பழைய வண்டியைக் கொடுத்துவிட்டு இந்த வெள்ளை டீசல் காரை வாங்கினாய். டர்போ வைத்த கார். "ஏத்தத்துல சும்மா பிச்சிகினு போவுதுண்ணா" என்றாய்.

டர்போ என்றால் என்ன என்று உனக்கு விளக்க வந்தேன், ஞாபகம் இருக்கிறதா? நீ நான் சொன்னதைக் காதில் வாங்காமல் பானட்டைத் தூக்கி விரலால் காட்டினாய். எஞ்சின் வெளியே தள்ளும் புகை ஒரு சக்கரத்தைச் சுற்றுகிறது. அந்தச் சக்கரம் கூடுதல் காற்றை எஞ்சினுக்குள் அமுக்குகிறது, இழுவை கூடுகிறது. எவ்வளவு அமுக்குவது என்பது ஒரு சின்ன நெம்புகோலின் கையில். அந்த நெம்புகோலை இழுப்பது வேக்கம், அதாவது காற்றை உறிஞ்சி எடுத்த வெற்றிடம். அது பென்சில் தடிமன்கூட இல்லாத ரப்பர் குழாய் வழியாக வருகிறது.

எஞ்சினுக்குப் பின் சுவரில் இரண்டு வால்வுகள் ஒட்டினாற்போல் இருக்கின்றன. ஒன்றிலிருந்து டர்போவுக்கு ஒரு குழாய் போகிறது. மற்றதிலிருந்து, புகையில் கொஞ்சத்தைத் திரும்பவும் எஞ்சினுக்குள் விடுகிற ஒரு கதவுக்கு இன்னொரு குழாய். இந்தக் கடிதம் முழுக்க இந்த இரண்டு குழாய்களைப் பற்றித்தான்.

உன் காருக்கு ஒரு நோவு இருந்தது. காலையில் நன்றாக இழுக்கும். வெயில் ஏறியபின் ஜவ்வாது மலை ஏற்றத்தில் ஆளோடு போகும்போது திடீரென்று செத்துப்போகும். பட்டறைக்குக் கொண்டுபோவதற்குள் ஆறிவிடும், சரியாகிவிடும். "ஒண்ணும் இல்லம்மா, நல்லாதான் இருக்குது" என்று அனுப்பிவிடுவார்கள். மூன்று பட்டறையில் அதையே கேட்டாய்.

கண்டுபிடித்தது நீ. போளூர் தாண்டி ஏற்றத்தின் பாதியில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல் பானட்டைத் தூக்கி, ஒவ்வொரு குழாயாகத் தொட்டுப் பார்த்திருக்கிறாய். டர்போவுக்குப் போகிற குழாய், கொதிக்கிற இரும்புக்கு மேலாகவே குறுக்கே போய்க்கொண்டிருந்தது. சூட்டில் ரப்பர் இளகி, உறிஞ்சுகிற வேகத்தில் தட்டையாக ஒட்டிக்கொண்டது. இளநீர்க்கடையில் நனைந்துபோன காகித ஸ்ட்ரா ஒட்டிக்கொள்ளுமே, அதைப் போல.

அன்றைக்கு என் வீட்டுக்கு வந்து தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு, "சுடற எடத்துலியே குறுக்க போவுதுண்ணா. சுத்தி உடப் போறேன்" என்றாய். தடித்த குழாயாக வாங்கி, பேட்டரிப் பக்கமாகக் கொண்டுபோய், பின் சுவரை ஒட்டி வளைத்து, அசையாமல் கிளிப் போட்டு, டர்போவை அடுத்த பக்கத்திலிருந்து எட்டினாய். கம்பெனி விட்டிருந்ததைப் போல் இரண்டு மடங்கு நீளம். அதற்குப் பிறகு ஜவ்வாது மலையில் உன் கார் ஒருநாளும் நின்றதில்லை.

நான் அன்று என்ன சொன்னேன்? "கம்பெனிக்காரன் யோசிக்காமலா குறுக்க விட்டிருப்பான்?" என்றேன். நீ செருப்பை மாட்டிக்கொண்டே, "கம்பெனிக்காரன் ஜவ்வாது மலைக்கு ஆள் ஏத்திகினு போனானா?" என்றாய். நான் நீ குடித்த சொம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். வாதாடவில்லை என்றால் ஒப்புக்கொண்டேன் என்று அர்த்தமில்லை, அது உனக்கும் தெரிந்திருக்கும். ஏன் என்னை நம்பவில்லை என்று நீ ஒருமுறைகூடக் கேட்காமலே போய்விட்டாய். ஏன் கேட்கவில்லை?

மார்வலி என்று சொன்ன அன்றே போனாய். காரியம் முடிந்ததும் சங்கீதா காரை எடுத்தாள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஸ்டாண்டுக்கு வருவாள், அவை வீடு திரும்புவதற்குள் போய்விடுவாள். எட்டு மாதம் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

பிறகு அவள் ஒரு கல்யாணத்துக்கு வேலூர் போனாள். காரை என் வாசலில் நிறுத்திவிட்டுப் போனாள். எனக்கு உன் நினைவு வந்தது, பானட்டைத் திறந்தேன். வேறு காரணம் இருந்ததா என்று பலமுறை யோசித்துவிட்டேன், தெரியவில்லை. பானட்டின் உள்பக்கம் கம்பெனி அச்சடித்த படம் ஒன்று ஒட்டியிருந்தது. வேக்கம் குழாய் எது எங்கே போக வேண்டும் என்று காட்டுகிற படம். லென்ஸ் கொண்டுவந்து படித்தேன். இடது வால்விலிருந்து புகைக் கதவுக்கு, வலது வால்விலிருந்து டர்போவுக்கு என்று இருந்தது. உன் குழாய்கள் நேர்மாறாக இருந்தன.

நான் எதையும் சந்தேகப்படுகிறவன். கேஸை மூடினேனா, கதவைப் பூட்டினேனா என்று தெருமுனையிலிருந்து திரும்பி வருகிறவன். அச்சடித்த படத்தைச் சந்தேகப்பட மட்டும் எனக்குத் தோன்றவில்லை. எட்டாவதோடு நின்ற உன்னைச் சந்தேகப்பட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன்.

சோதனைக்கு முன்னால் கருவியைத் துடைக்க வேண்டும் என்பது நான் முப்பத்து மூன்று வருடம் பள்ளிக்கூட லேபில் நடத்திய பாடம். தின்னர் தொட்டுக் குழாய் முனைகளையும் வால்வு மூக்குகளையும் பளிச்சென்று துடைத்தேன். துணியில் சிவப்பும் பச்சையும் ஒட்டிக்கொண்டு வந்தது. பெயின்ட் அடிக்கும்போது சிந்தியிருக்கும் என்று நினைத்தேன். எது எதற்கு என்று நீ வைத்திருந்த அடையாளத்தைத்தான் அழித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு கிளிப்பை அழுத்தி இரண்டு குழாய்களையும் கழற்றி, படத்தில் இருந்தபடி மாற்றிப் போட்டேன். நோட்டில் தேதி போட்டு, "சரி செய்யப்பட்டது" என்று எழுதினேன். சங்கீதா வந்ததும் எஞ்சினைத் துடைத்து வைத்தேன் என்று மட்டும் சொன்னேன். உன் தவறை அவளிடம் சொல்லி உன்னைக் குறைத்துவிடக் கூடாது என்று நினைத்தேனாம். எவ்வளவு பெரிய மனசு பார்.

மறுநாளே கார் கறுப்பாகப் புகை விட்டது. திருவண்ணாமலை ரோட்டில் ஒரு சின்ன மேட்டில் பஸ்காரன் ஆரன் அடிக்கிற அளவுக்கு ஊர்ந்தது. திண்டிவனம் ரோட்டில் பட்டறை வைத்திருக்கிற பாபுவிடம் கொண்டுபோனோம். நானும் போனேன். ஸ்டாண்டு டிரைவர் தங்கராசு அவனோடு பேசிக்கொண்டிருந்தான்.

பாபு பானட்டைத் தூக்கியதும் சிரித்துவிட்டான். "இன்னாக்கா இது, குழாய ஊரெல்லாம் சுத்த உட்டுருக்குது? யார் பண்ணது?"

"அம்மா."

"அதான பாத்தேன். அந்தம்மா நல்லா ஓட்டுவாங்க, இல்லன்னு சொல்லல. ஆனா டர்போல போயி பொம்பளைங்க கை வச்சா இன்னா ஆவும்? கண்டபடி இழுத்து டர்போவே அடிபட்டுருக்கும். மாத்தித்தான் ஆவணும்."

"நான் அப்பவே சொன்னேன்" என்றான் தங்கராசு. "ஸ்டீரிங் புடிச்சா போதும், ஸ்பேனர்லாம் எதுக்குன்னு. யாரு கேட்டா?"

சங்கீதா என் பக்கம் திரும்பினாள். "நீங்க சொல்லுங்க மாமா. அம்மா தப்பாவா போட்டுச்சு?"

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எனக்கு இதெல்லாம் தெரியாதும்மா" என்றேன். வெற்றிடம் என்றால் என்ன என்று ஒரு தலைமுறைக்கே பாடம் நடத்தியவன் சொன்ன பதில் அது.

எனக்கு அப்போதே தெரிந்திருந்ததா? தெரிந்திருந்தது என்றுதான் நினைக்கிறேன். படம் சரியென்று சொல்கிறது, அப்படியானால் கோளாறு வேறெங்கோ இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இருந்தேன். உள்ளே ஒரு மூலையில் மட்டும், மாற்றிப் போட்ட மறுநாளே ஏன் புகைந்தது என்ற கேள்வி நின்றுகொண்டே இருந்தது. நான் அதன் பக்கம் திரும்பவில்லை.

இரண்டு மாதம் போயிற்று. புது டர்போ போட சங்கீதாவால் முடியவில்லை. வழக்கமாகக் கூப்பிடுகிறவர்கள் வேறு வண்டியைக் கூப்பிட ஆரம்பித்தார்கள். டீக்கடையில், கறிக்கடையில், அஞ்சலை கெடுத்த கார் என்று சொன்னால் எல்லோருக்கும் தெரிந்தது. நீ பதினேழு வருடம் ஒருவரையும் வழியில் இறக்கிவிடாமல் கொண்டுபோய்ச் சேர்த்தாயே, அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. கடைசியில் தங்கராசுவே காரை எடுத்துக்கொள்வதாகப் பேச்சு முடிந்தது. வெள்ளிக்கிழமை ராகு காலம் கழித்துச் சாவியைக் கொடுப்பதாக இருந்தது.

அந்த வாரம் சங்கீதா என்னிடம் வந்து உட்கார்ந்தாள். "விக்கறதுல எனக்கு வருத்தம் இல்ல மாமா. ஆனா அம்மா மேல கோவம் கோவமா வருது. நல்லா இருந்த வண்டிய ஏன் போட்டு நோண்டுச்சுன்னு. செத்துப்போனவங்க மேல இப்டி வருதேன்னு அது வேற கஷ்டமா இருக்குது" என்றாள்.

காரைப் பற்றி என்ன பேசினாலும் நான் பொறுத்துக்கொண்டிருந்திருப்பேனோ என்னவோ. பெற்ற மகள் உன்மேல் கோபப்பட்டாள், அஞ்சலை, நான் செய்ததற்கு.

மறுநாள் புதன்கிழமை காலை நோட்டை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனேன். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போயிருந்தன. அந்தப் பக்கத்தைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன். அவள் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு படித்தாள்.

"சரி செய்யப்பட்டதா? எது?"

"டர்போ குழாய். நீ வேலூர் போனப்ப. மாத்திப் போட்டது நான்தான்."

நோட்டில் இருந்த தேதியை விரலால் தொட்டுப் பார்த்தாள். "பாபு பேசறப்போ பக்கத்துலதான நின்னீங்க?"

"நின்னேன்."

"அம்மாவ அத்தினி பேச்சு பேசுனான்."

"ஆமாம்மா."

அவள் கத்தியிருந்தால் தேவலாம். கத்தவில்லை. சாவியை எடுத்துக்கொண்டு, "வாங்க, அத்த மொதல்ல தொறப்போம்" என்றாள்.

தெருவில் நல்ல வெயில். அவள் பானட்டைத் தூக்கிப் பிடித்தாள். நான் என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடலாம் என்று, ஒட்டியிருந்த படத்தைக் காட்டினேன். இதில் இப்படித்தானே போட்டிருக்கிறது என்றேன். அவள் படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "மாமா, இந்த பானட்டே நம்பளுது இல்ல. கரும்பு டிராக்டர் ரிவர்ஸ்ல வந்து மோதி நம்ப பானட்டு நசுங்கிப் போச்சே. அம்மா பாண்டியில பழைய சாமான் கடையில வாங்கி வெள்ளை அடிச்சி மாட்டுச்சு. இது வேற வருசத்து வண்டியோடது."

நிமிர்ந்து பார்த்தேன். பானட்டின் உள்பக்கம் முழுக்க மெரூன் நிறம். வெளியே வெள்ளை, உள்ளே மெரூன். அன்று துருவுக்கு அடித்த பிரைமர் என்று நினைத்திருந்தேன். லென்ஸ் வைத்து ஓர் எழுத்து விடாமல் படித்தவனுக்கு, அந்தப் படம் எதன்மேல் ஒட்டியிருக்கிறது என்று பார்க்கத் தெரியவில்லை. அதே கம்பெனி, அதே உருவம், வேறு வருடம். அந்த வருடத்து வண்டியில் வால்வுகளின் இடமே வேறு. இன்னொரு காரின் படத்தை வைத்து உன் காரைத் திருத்தியிருக்கிறேன்.

அப்படியும் என் சந்தேகம் என்னை விடவில்லை. படம் தப்பு என்பதால் நீ சரி என்று ஆகிவிடுமா? சோதித்துப் பார்க்க வேண்டும். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சங்கீதாவை ஸ்டார்ட் செய்யச் சொன்னேன். இரண்டு குழாய்களையும் கழற்றினேன். ஓடுகிற எஞ்சினுக்குள் நான் கையை விட்டது அதுதான் முதல் தடவை. பெல்ட் விர்ரென்று ஓடுகிறது, சூடு முகத்தில் அடிக்கிறது. இடது வால்வின் மூக்கில் விரலை வைத்தேன். வெடுக்கென்று இழுத்துப் பிடித்தது.

"மிதி" என்றேன். மிதித்தாள். எஞ்சின் சீறியபோதும் அது என் விரலை விடவில்லை. வலது மூக்குக்கு மாறினேன். "மிதி." மிதித்ததுமே அது விட்டுவிட்டது. எஞ்சின் பலம் கேட்கும்போது டர்போவுக்கு உறிஞ்சல் விடாமல் இருக்க வேண்டும், புகைக் கதவுக்கு உறிஞ்சல் விட்டு அது மூடிக்கொள்ள வேண்டும். ஆக, இடதுதான் டர்போவுக்கு. ஆறு முறை செய்து பார்த்தேன். ஆறு முறையும் நீதான் சரி.

டர்போ குழாயின் முனையைத் திருப்பிப் பார்த்தபோது, உள்விளிம்பில் தின்னர் எட்டாத இடத்தில் மெல்லிய சிவப்பு வளையம் இருந்தது. இடது வால்வின் அடியிலும் அதே சிவப்பு. சங்கீதா குனிந்து பார்த்தாள். "இது என் நெயில் பாலிஷு. காணோம்னு ஒரு மாசம் தேடனேன்" என்றாள். அப்போதுதான் அழுதாள்.

குழாய்களை நீ போட்டிருந்தபடி போட்டோம். அவள் திருவண்ணாமலை ரோட்டில் ஒரு சுற்றுப் போய்வந்தாள். புகை இல்லை, அந்த மேட்டில் மூன்றாவது கியரில் ஏறினாளாம். இறங்கி வந்து, "வண்டி சரியாயிடுச்சு மாமா. யார்கிட்டயும் ஒண்ணும் சொல்லிக்க வேணாம். உங்க பேரு கெட்டுடும்" என்றாள். உன் பெண்தான், சந்தேகமில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன் என்மேல் அவ்வளவு வருத்தம், இப்போது என் பெயரைப் பற்றிக் கவலை.

என் பெயர் கெடட்டும் என்றேன். இத்தனை நாள் உன் பெயர் கெட்டுக்கொண்டிருந்ததே.

வியாழக்கிழமை காலை ஸ்டாண்டுக்குப் போனேன். பத்துப் பன்னிரண்டு பேர் இருந்தார்கள். பாபு டீ குடிக்க வந்திருந்தான். நான் ஒன்று சொல்ல வேண்டும் என்றேன். ஒருவருக்கும் கேட்கவில்லை, பஸ் ஒன்று ஆரன் அடித்தது. மறுபடியும் சொன்னேன். அஞ்சலை போட்ட குழாய் சரியாக இருந்தது, அதை மாற்றிப் போட்டுக் கெடுத்தது நான் என்றேன்.

அவர்கள் நம்பவில்லை, அஞ்சலை. இதை நான் எதிர்பார்க்கவே இல்லை. திட்டுவார்கள், சிரிப்பார்கள் என்று பயந்து வந்தேன். நம்பாமல் போவார்கள் என்று நினைக்கவில்லை.

"வாத்தியாரே" என்றான் தங்கராசு, "வீட்டுல பல்பு மாத்த ஆள் கூப்புடறவரு நீங்க. நீங்க போயி டர்போல கை வச்சீங்களா? கேக்கறவன் கேனையா இருந்தா..."

பாபு என் தோளைத் தட்டினான். "தங்கச்சி பாசம் சார். புரியுது. உடுங்க. செத்தவங்கள யாரு இங்க தப்பா பேசினாங்க?"

"நீ பேசின" என்றேன். "நான் கேட்டுகிட்டு நின்னேன்."

டீக்கடைக்காரர் டீ ஆற்றுவதை நிறுத்தினார். என் குரலா அது என்று எனக்கே சந்தேகம். சங்கீதாவைப் பார்த்து, பானட்டைத் திற என்றேன். எல்லோரும் வண்டிக்குப் பின்னால் போய் நில்லுங்கள் என்றேன். வகுப்பில்கூட நான் அப்படி அதட்டியதில்லை. போய் நின்றார்கள். தங்கராசு மட்டும், "இன்னாதான் வருதுன்னு கிட்டயே பாக்கறேன்" என்று சொல்லி, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையோடு சைலன்சருக்கு நேராக வந்து நின்றான்.

குழாய்களைக் கழற்றினேன். "பாத்துக்கோங்க, நான் போட்டது இப்படி" என்று சொல்லி மாற்றிச் செருகினேன். சங்கீதா ஓங்கி ஒரு மிதி மிதித்தாள். தங்கராசுவின் சட்டை வயிற்றிலிருந்து கீழே கறுத்துப்போனது. அவன் இருமிய இருமலில் பாபுவே சிரித்துவிட்டான்.

மறுபடி கழற்றினேன். "அஞ்சலை போட்டது இப்படி." செருகினேன். மிதித்தாள். பின்னால் சத்தம் மட்டும்தான் வந்தது, புகை வரவில்லை.

"இன்னொரு தபா போடுங்க" என்றான் பாபு. இப்போது அவன் சிரிக்கவில்லை. இன்னொரு முறை போட்டேன். அவனையே வந்து மாற்றிப் போடச் சொன்னேன், அவன் போட்டபோதும் அப்படியேதான் நடந்தது. பிறகு அவன் உன் நீளக் குழாயை வால்விலிருந்து டர்போ வரைக்கும் விரலால் தொட்டுக்கொண்டே போனான். "இத்த எதுக்குக்கா இப்டி சுத்தி உட்டாங்க?" என்று சங்கீதாவைக் கேட்டான். ஜவ்வாது மலையில் நடந்ததை அவள் சொன்னாள். குறுக்கு வழி எதன்மேல் போயிருக்கும் என்று காட்டினாள். அவன் அந்த இரும்புக்கு மேலே உள்ளங்கையைக் காட்டி, சட்டென்று இழுத்துக்கொண்டான். "என்கிட்ட இதே நோவோட ஒரு வண்டி நிக்குது" என்றான்.

மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. எனக்கும் அது வேண்டியிருக்கவில்லை. போன வாரம் பட்டறைப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். அந்த வண்டியில் டர்போ குழாய் பேட்டரிப் பக்கமாகச் சுற்றிக்கொண்டு போகிறது.

தங்கராசு சட்டையைத் தட்டிக்கொண்டே, "அப்ப நாளைக்கி நான் வண்டி எடுக்க வரட்டா, வாணாவா?" என்றான்.

"மொதல்ல போயி சட்டைய மாத்திகினு வாங்கண்ணா" என்றாள் சங்கீதா. "வண்டி விக்கறதுக்கு இல்ல."

இவ்வளவும் நடந்த பிறகும் ஒருவர் இருவர் பேசுகிறார்கள். வாத்தியார் தங்கச்சிக்காக ஏதோ வித்தை காட்டினார், புகை வருகிற மாதிரி எண்ணெய் ஊற்றியிருப்பார் என்கிறார்கள். ஒரு பெண்பிள்ளை மூன்று பட்டறை கண்டுபிடிக்காததைக் கண்டுபிடித்தாள் என்பதைவிட, ஒரு வாத்தியார் எண்ணெய் ஊற்றி ஏமாற்றினார் என்பது அவர்களுக்கு எளிதாக இருக்கிறது. ஏன் அப்படி? நானும் அப்படித்தானே இருந்தேன், எனக்கே ஏன் அப்படி இருந்தது? அதை நினைத்தால்தான் கோபம் இன்னும் ஆறமாட்டேன் என்கிறது. அதில் பாதி என்மேல்.

அதனால்தான் இந்தக் கடிதத்தைத் தொங்கவிடுகிறேன். சந்தேகம் இருக்கிறவர்கள் வரலாம். அவரவர் காரோடு வந்தாலும் சரி, சங்கீதாவின் காரில் பார்த்தாலும் சரி. ஞாயிற்றுக்கிழமை காலைகளில் ஸ்டாண்டில் இருப்பேன். எத்தனை முறை கேட்டாலும் கழற்றி மாட்டிக் காட்டுவேன். எனக்கு வயது எழுபத்திரண்டு, வேறு அவசர வேலை இல்லை.

நாளைக்குச் சங்கீதாவுக்கு ஜவ்வாது மலைமேல் ஜமுனாமரத்தூருக்கு வாடகை. நீ போனதற்குப் பிறகு அவள் அந்த மலைக்குப் போவது இதுதான் முதல். வெயில் நேரத்தில்தான் ஏற்றம் வரும், பின்னால் நாலு பேர். "பயமா இருக்குது மாமா, கூட வரீங்களா?" என்றாள். பயத்துக்குத் துணையாக என்னைக் கூப்பிட்ட முதல் ஆள் இந்த உலகத்தில் அவள்தான். போகிறேன். வழியில் நின்றால் என்ன செய்வது என்று கேட்டேன். "நின்னா எறங்கி தொட்டுப் பாக்கலாம்" என்றாள்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன், அஞ்சலை. இந்த ஊரில் உன் வேலையை யார் குறைத்துப் பேசினாலும், அது என் காதில் விழுந்தால், அந்த இடத்திலேயே நின்று பதில் சொல்வேன். குரல் நடுங்கும், வார்த்தை தப்பும், நான் சொல்வது சரிதானா என்று நடுவில் எனக்கே சந்தேகம் வரும். வந்தாலும் சொல்லி முடிக்காமல் அங்கிருந்து நகர மாட்டேன்.

நீ உயிரோடு இருந்தவரை உன்னை நம்பாத,
இனி உன் பக்கம் நிற்கப் போகிற
உன் அண்ணன்,
ஏழுமலை
செஞ்சி